கை நனைத்த படம்

எங்கள் சங்கத்தில் பதினேழு உறுப்பினர்கள், இருபத்திரண்டு கேமராக்கள், நல்ல படம் எடுப்பவர் ஒருவர். அந்த ஒருவர் நான் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு நாலு வருடம் பிடித்தது. அவர் பெயர் ரூபன். பஞ்சாலையில் எலக்ட்ரீசியன், மதுக்கரையில் வாடகை வீடு. கையில் ஒரே ஒரு பழைய பென்டாக்ஸ், அதற்கு ஒரே ஒரு ஐம்பது எம்.எம். லென்ஸ். எனக்கு மோட்டார் உதிரிபாகக் கடை. லென்ஸ் மட்டும் ஐந்து வைத்திருந்தேன். சமைக்கத் தெரியாதவன் வீட்டில்தான் பாத்திரம் அதிகமிருக்கும் என்பாள் என் மனைவி பிரவீனா.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பல் டாக்டர் சுந்தரராஜுலுவின் கிளினிக் மாடியில் கூடுவோம். அவரவர் படங்களை மேசைமேல் பரப்புவோம். படத்தை ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். நடுவில் கட்டை விரலை வைத்தவன் அன்றைக்கு எல்லோருக்கும் போண்டா வாங்கித் தர வேண்டும். பல் பார்க்கும் பூதக் கண்ணாடியை வைத்துக்கொண்டு டாக்டர் ஒவ்வொரு படத்திலும் ஊசி முனை அளவு மங்கலைக்கூடத் தேடிப் பிடிப்பார். வந்த நோயாளி கீழே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தொண்ணூற்றேழாம் வருடம் மார்ச் கடைசியில் எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. வால்நட்சத்திரம் வந்திருந்தது. பொழுது விழுந்து முக்கால் மணி நேரம் கழித்து வடமேற்கில் பார்த்தால் போதும், வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. இனி வருவதற்கு இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஆகும் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். அதைப் படித்ததிலிருந்து பதினேழு பேருக்கும் ராத்தூக்கம் போய்விட்டது.

"நூத்தி முப்பத்தஞ்சு லென்ஸ் போடோணுமுங்க. வாலு அப்படியே மூஞ்சில அடிக்கற மாதிரி வரும்," என்றார் டாக்டர்.

"அதுல நாலு செகண்டுக்கு மேல தொறந்து வைக்க முடியாதுங்க டாக்டர்," என்றார் ரூபன். "பூமி நிக்குதுங்களா? சுத்திக்கிட்டே இருக்குது. எச்சு நேரம் தொறந்தா நட்சத்திரமெல்லாம் கோடு கோடா இழுத்துக்கும். என்ற அம்பதுல பன்னெண்டு செகண்டு. இருபத்தெட்டு இருந்துதுன்னா இருபது செகண்டு தாங்குமுங்க. அதுவுமில்லாம வானத்தை மட்டும் புடிச்சா எந்த ஊரு வானமுன்னு ஆருக்குத் தெரியும்? கீழ ஒரு மலை வேணுமுங்க."

"மலைக்கா பஞ்சம்? மருதமலைக்குப் போலாம்."

"டவுன் வெளிச்சம் கெடுத்துப்போடுமுங்க." ரூபன் கொஞ்சம் தயங்கினார். "சென்னிமலைங்க. ஊருக்குத் தென்கெழக்கால சோளக்காட்டுல நின்னா நேரா வடமேக்க மலை. படிக்கட்டு வெளக்கு வரிசையா ஏறும், மேல கோயிலு. அதுக்கு மேல வால்நட்சத்திரம் நின்னுதுன்னா எப்படி இருக்குமுன்னு நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தோம். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். என் வாய் முந்திக்கொண்டது. "என்கிட்ட இருபத்தெட்டு இருக்குதுங்க ரூபன். உங்க பென்டாக்ஸுக்குப் பொருந்தும். வச்சுக்கங்க," என்றேன். அந்த லென்ஸை வாங்கி மூன்று வருடத்தில் நான் எடுத்த ஒரே உருப்படியான படம் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

சென்னிமலை என்று அவர் வாயால் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். அது அவர் மனைவி பொற்கொடியின் ஊர். ஐந்து வருடமாக அவர் அந்த ஊர்ப் பக்கம் போனதில்லை.

கதை பெரிதல்ல. இரண்டு குடும்பமும் தலைமுறை தலைமுறையாக ஒரே மாதிரி விவசாயக் காட்டு வேலை செய்தவை. ரூபன் வீடு கிறிஸ்தவ வேதத்துக்குப் போய்விட்டது, பொற்கொடி வீடு முருகனோடு நின்றுவிட்டது. கல்யாணம் சர்ச்சில் நடந்தது. பொற்கொடியின் அம்மா பழனியாத்தாள் வரவில்லை. முதல் பிரசவத்துக்கும் வரவில்லை. அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் அம்மா அம்மா என்று கத்தியதைப் பக்கத்துக் கட்டில்காரி சொல்லிச் சொல்லி அழுதாளாம். பழனியாத்தாள் கடைசியாக ஒரு வார்த்தை சொல்லியனுப்பினார். "எங்கூட்டு மனுசன் மொதல்ல போயி அந்த ஊட்டுல கை நனைக்கட்டும். பொறவு நான் நனைக்கறேன்."

எங்கள் பக்கத்தில் கை நனைப்பது என்றால் சும்மா சாப்பிடுவதல்ல. ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டால் அந்த வீட்டோடு இருந்த வருத்தம் தீர்ந்தது என்று பொருள். ஐந்து வருடமாக அப்பா ராசப்பனும் பிடிவாதமாகத்தான் இருந்தார். லாரி டிரைவர், பெட்ஷீட் லோடு ஏற்றிக்கொண்டு சோலாப்பூர், நாக்பூர் என்று போகிறவர். இந்த முறை பொற்கொடிக்கு எட்டாம் மாதம் என்று கேள்விப்பட்டதும் மனிதர் இளகிவிட்டார். ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை, பேத்தி கயல்விழிக்கு நாலாவது பிறந்த நாளும் அன்றைக்கே, பொழுதோடு லாரியை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு மஞ்சள் பையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றார்.

அன்றைக்குப் பார்த்து மதுக்கரையில் கரண்ட் போயிற்று. வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் வெளி வாசலில் பாய் விரித்து, இலை போட்டார்கள். இடியாப்பம் மாதிரிப் பிழிந்த சந்தகை, தேங்காய்ப் பால், நாட்டுக்கோழிக் குழம்பு. மாமனார் மூன்று தடவை சந்தகை வாங்கிச் சாப்பிட்டார். ரூபன் ஃப்ளாஷ் போட்டு இருபது படம் எடுத்தார். வால்நட்சத்திரத்துக்கென்று வாங்கி வைத்திருந்த இரண்டு ரோலில் ஒன்றை அதற்குச் செலவழித்தார்.

மறுநாள் ராசப்பன் சென்னிமலை போய், மகள் வீட்டில் கை நனைத்துவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னார். பழனியாத்தாள் நம்பவில்லை. ராசப்பன் வாயைத் திறந்தால் புளுகு. லாரி முன்னால் புலி வந்தது, புலிக்கு ஹாரன் அடித்தேன், புலி சல்யூட் அடித்தது என்று சொல்லும் ரகம். அவர் அடுத்த லோடு ஏற்றிக்கொண்டு போய், ஒரு வாரம் கழித்து சோலாப்பூர் பூத்திலிருந்து மதுக்கரை மளிகைக் கடைக்குப் போன் செய்தார்.

"அம்முணி, உங்கம்மா நம்ப மாட்டேங்கறா. படம் புடிச்சாங்கல்ல, அதைக் கொண்டாந்து காட்டுனாத்தான் நம்புவேங்கறா. சுருக்கா கழுவிக் காட்டச் சொல்லு மாப்பளைய. நான் திரும்பறதுக்கு ஒரு மாசமாயிருங் கண்ணு."

பொற்கொடி இதை என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "ரெண்டாவதுக்காச்சும் எங்கம்மா பக்கத்துல இருக்கோணுமுங்ணா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்," என்று சொல்லும்போது சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு படத்தில் ஒரு பிரசவம் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை. முந்தின நாள் பெய்த கோடை மழை புழுதியை எல்லாம் அடக்கியிருந்தது. வானம் கழுவி வைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. ரூபன் அரை நாள் லீவு போட்டார். என் மாருதியில் அவரும் டாக்டரும் நானும் மூன்று டிரைபாடுகளும். பெருந்துறை தாண்டித் திரும்பியதுமே மலை தெரிய ஆரம்பித்தது. மூவரும் ஒரே நேரத்தில் பேசினோம். யார் பேச்சையும் யாரும் கேட்கவில்லை.

சோளம் அறுத்த காடு. சோளத் தட்டுப் போர் ஒன்று, வேலியோரம் நாலு பனைமரம். ஆட்டை ஓட்டிக்கொண்டு போன ஒரு பெரியவர், "ஏனுங்க, ரோடு அளக்கறீங்களா?" என்று கேட்டார். வால்நட்சத்திரம் என்றோம். "அதுங்களா? அது தெனமும் வருது. இன்னிக்கு என்ன விசேசம்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஊருக்குள்ளிருந்து தறிச்சத்தம் லேசாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

பொழுது மூழ்கியது. மேற்கே மூன்றாம் பிறை. படிக்கட்டு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து மலை மேல் ஏறின. ஏழு மணி தாண்டியதும் டாக்டர்தான் முதலில் பார்த்தார்.

"வந்திருச்சுங்க! கோயிலுக்கு மேல! இல்லீங்க, சித்த வலது பக்கம்!"

வந்திருந்தது. வெள்ளைத் தலை, மேல்நோக்கி விரிந்த வால். முப்பத்தாறு வயதில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"மோகண்ணா!" ரூபன் டிரைபாடு மேல் குனிந்தபடி என்னைக் கூப்பிட்டார். "அது எறங்கிக்கிட்டே இருக்குதுங்க. அரை மணி நேரந்தான். பையில புது ரோல் இருக்குது, கேமராவுல மாட்டிக் குடுங்க. நான் இதைச் சரி பண்ணிப் போடறேன்."

பையில் கையை விட்டேன். கருப்பு டப்பா ஒன்று கைக்கு வந்தது. திறந்தேன். ரோலின் நாக்கு, அதாவது ஃபிலிமின் முனை, வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. புது ரோல் அப்படித்தான் இருக்கும், எடுத்து முடித்த ரோலில் நாக்கு உள்ளே போயிருக்கும். ஆனால் நாக்கின் நுனி மடிந்திருந்தது. பையில் கிடந்து கசங்கிவிட்டது என்று நினைத்தேன். சாவிக் கொத்தில் இருந்த சின்னக் கத்தரியால் நுனியை நறுக்கென்று வெட்டி, மாட்டி, மூடிக் கொடுத்தேன். ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டேன் என்று பெருமை வேறு.

ரூபன் ஷட்டர் கேபிளை அழுத்திப் பிடித்து மனசுக்குள் எண்ணுவார். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. விடுவார். அடுத்தது. டாக்டர் தன் நிக்கானை வைத்துக்கொண்டு, "எந்த எஃப்புல வைக்கறீங்க ரூபன்?" என்று ஒவ்வொரு படத்துக்கும் கேட்டார். "ரெண்டு புள்ளி எட்டுங்க," என்று ஒவ்வொரு தடவையும் சளைக்காமல் பதில் வந்தது. அரை மணி நேரத்தில் ரூபன் இருபது படம் எடுத்தார்.

எல்லாம் முடிந்து டீ குடிக்கும்போது அவர் ஊர்ப் பக்கம் கையை நீட்டினார். "அங்க ஒரு டியூப் லைட்டு சிமிட்டிக்கிட்டே இருக்குது பாருங்ணா. அதுதான் அவங்க வீதி." போகலாமா என்று நான் கேட்கவில்லை. படம் இல்லாமல் போகக்கூடாது.

மறுநாள் அவருக்குக் காலை ஷிப்ட். "ரெண்டு ரோலும் பையிலயே இருக்குதுங்க, நீங்களே லேப்ல குடுத்துருங்க. பொறந்த நாள் ரோலை மொதல்ல கழுவச் சொல்லுங்க," என்று பையை என் காரிலேயே விட்டுவிட்டுப் போனார். லேப் வைத்திருப்பவர் ரங்கராஜ். வால்நட்சத்திர ரோலைச் சனிக்கிழமை புதுக் கெமிக்கல் ஊற்றுகிற அன்றைக்குத்தான் கழுவ வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. அதனால் அதைத் தனியாக வைக்கச் சொல்லி, கருப்பு வானத்தில் படம் எங்கே முடிகிறதென்று தெரியாது, குத்துமதிப்பாக வெட்டிவிடாதீர்கள் என்று மூன்று தடவை எச்சரித்து, இன்னொரு ரோலைப் பிறந்த நாள் ரோல் என்று கொடுத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் ரங்கராஜ் போன் செய்தார். "ஏனுங்க, இது வெறும் ரோலுங்க. ஒரு படங்கூட உழுகலை."

"நல்லாப் பாருங்க."

"பாக்கறதுக்கு என்ன இருக்குதுங்க? கண்ணாடி மாதிரி இருக்குது."

மதுக்கரைக்கு எப்படிக் காரை ஓட்டினேன் என்று நினைவில்லை. ரூபன் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து பஞ்சுத் தலையோடு வந்திருந்தார். பொற்கொடி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கதவைப் பிடித்து நின்றாள். திட்டியிருந்தால் தேவலை.

"நான் ஃபிலிமை ஒழுங்காத்தான் சுத்துனேன்," என்று ரூபன் தனக்குள் பேசிக்கொண்டார். "கடைசியில சுத்தி, நாக்கை வெளிய உட்டு, நுனியை மடிச்சு..."

சாவிக் கொத்துக் கத்தரி எனக்கு ஞாபகம் வந்தது. "எதுக்குங்க மடிக்கறீங்க?"

"கருப்பு வெள்ளையெல்லாம் ஊட்டுலயே கழுவறனில்லீங்களா? நாக்கு வெளிய இருந்தாத்தான் டப்பாவை ஒடைக்காம ஃபிலிமை உருவ முடியும். அந்தப் பழக்கத்துல கலர் ரோலையும் அப்படித்தான் உடறது. எடுத்த ரோலுன்னு அடையாளத்துக்கு நுனியை மடிச்சு வச்சுருவேன். ரங்கராஜுக்கும் என்ற ரோலு அப்படித்தான் இருக்குமுன்னு தெரியுமுங்க."

நான் உட்கார்ந்துவிட்டேன். சொல்லாமல் விட்டால் கேமரா பழுது, ஃபிலிம் பழுது என்று போய்விடும். ஒரு நொடி அப்படியும் தோன்றியது, பொய் சொல்வானேன். ஆனால் பொற்கொடி நின்ற நிலையைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்ய முடியவில்லை.

"மடிஞ்சிருந்த நுனியை நான்தாங்க வெட்டுனேன். அதைத்தாங்க கேமராவுல மாட்டுனேன். உங்க மாமனார் மேல வால்நட்சத்திரத்தைப் புடிச்சிருக்கறோமுங்க."

பொற்கொடி மெதுவாகப் பாயில் உட்கார்ந்தாள். ரூபன் என்னை அடிக்க வருகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்து என் இரண்டு தோளையும் பிடித்தார். முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"அண்ணா, அந்த ரோலு இன்னும் கழுவலையில்லீங்க?"

"சனிக்கிழமைதான்."

"பொறந்த நாளன்னிக்குக் கரண்ட் இல்லை. ஃப்ளாஷ் வெளிச்சம் ஆளு மேல மட்டுந்தான் உழுந்துது. பின்னால பூராக் கருப்பு. சென்னிமலையிலயும் பெரும்பாலும் கருப்பு. ஃபிலிமுக்குக் கருப்புன்னா ஒண்ணுமே நடக்கலைன்னு அர்த்தமுங்க! இருட்டு மேல இருட்டு உழுந்தா அழியாது! ஏ, பொற்கொடி, உங்கப்பன் இருப்பாரு புள்ள, இருப்பாரு!"

"இருந்தாச் சரி," என்றாள் அவள். அதற்கு மேல் நம்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை லேப்பில் நாங்கள் மூன்று ஆண்கள், ஒரு கர்ப்பிணி, ஒரு நாலு வயதுக் குழந்தை. ரங்கராஜ், "ஏனுங்க, இது என்ன பிரசவ வார்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார். அரை மணி நேரம். மெஷினிலிருந்து ஃபிலிம் பட்டை நீளமாக வெளியே வந்தது. ரங்கராஜ் அதை டியூப் லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார்.

"ரூபன், உங்க மலையில ஆரோ உக்காந்து சாப்புட்டுக்கிட்டு இருக்கறாங்க."

ரூபன் போட்ட கூச்சலில் ரோட்டில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் என்னைக் கட்டிக்கொண்டார். பல் டாக்டர் அப்படி எல்லாப் பல்லும் தெரியச் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் நுனியை வெட்டியதால் கட்டம் கொஞ்சம் நகர்ந்திருந்தது. பாதிப் படங்களில் வால்நட்சத்திரம் யார் காதிலாவது போய் மாட்டியிருந்தது. கயல்விழி ஒரு படத்தில் கோயில் கோபுரத்தை விழுங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் பதினோராவது படம் ஒன்று. அதைச் சொல்ல வேண்டும். ராசப்பன் இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், வலது கையில் சந்தகை, வாய் திறந்திருக்கிறது. பக்கத்தில் பொற்கொடி தேங்காய்ப் பால் சொம்போடு பக்கவாட்டில் நிற்கிறாள். அவர்களுக்குப் பின்னால் எங்கே இருட்டு இருந்ததோ அங்கே சென்னிமலை நிற்கிறது. படிக்கட்டு விளக்குகள் அவர் தோளிலிருந்து ஏறுகின்றன. மேலே வால்நட்சத்திரம். ராசப்பனின் வெள்ளைச் சட்டையில் ஒரு நட்சத்திரமும் தெரியவில்லை, தலைமுடியில் மட்டும் இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் அந்தப் படத்தை வைத்தபோது போண்டாவை யாரும் தொடவில்லை. பதினேழு பேரும் ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து பார்த்தோம். பல் கண்ணாடி கை மாறிக்கொண்டே இருந்தது. வாலில் லேசாக நீலம் பிரிகிறது என்றார் ஒருவர். ஓரத்தில் நட்சத்திரம் பறவை மாதிரி இறக்கை விரிக்கிறது, லென்ஸ் கோளாறு என்றார் இன்னொருவர். என் லென்ஸ் என்பதால் நான் சண்டைக்குப் போனேன். இதைப் போட்டிக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று டாக்டர் மேசையைத் தட்டினார்.

"போட்டி கெடக்குதுங்க," என்றார் ரூபன். "பழனியாத்தாள் பாக்கட்டும் மொதல்ல."

மத்தியானமே கிளம்பினோம். ரூபன் காரிலேயே இருந்துகொண்டார். வீதி முனையில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு நான் மட்டும் படத்தோடு போனேன். பழனியாத்தாள் ராட்டை முன்னால் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு. பொற்கொடியின் மூக்கு அப்படியே இருந்தது. நான் யாரென்று சொன்னதும் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார்.

"இது எங்க மலையாச்சே."

"ஆமாங்கம்மா."

"எம்மவ ஊடு எந்தூருலீங்க?"

"மதுக்கரைங்க."

"மதுக்கரையில நின்னாச் சென்னிமலை தெரியுமுங்களா?"

இதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. முந்தின நாளிலிருந்து அந்த மலை விழுந்ததற்குக் குதித்துக்கொண்டிருந்தோமே தவிர, அந்த மலைதான் சாட்சியைக் கெடுக்கப்போகிறது என்று பதினேழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் ஃபிலிமைப் பற்றிச் சொன்னேன். ஃப்ளாஷ் பற்றிச் சொன்னேன். இருட்டு மேல் இருட்டு விழுந்தால் என்ன ஆகும் என்று ரூபன் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

"அப்ப ஒட்டுப் போட்ட படமுங்க."

"ஒட்டு இல்லீங்கம்மா. தப்பா ரெண்டு வாட்டி உழுந்துபோச்சு."

"லாரிக்காரரு வாயில புளுகறாரு. நீங்க காயிதத்துல புளுகறீங்க. படிச்சவங்க, அதான் நெம்ப அழகாப் புளுகறீங்க தம்பி."

படத்தைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. கட்டை விரல் படத்தின் நடுவில் பதிந்திருந்தது. ராசப்பனை விட்டு, மலையை விட்டு, அந்த விரல் பொற்கொடியிடம் போய் நின்றது. படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"இது என்னைக்குப் புடிச்சதுங்க?"

"போன மாசம் முப்பதாந் தேதிங்க."

"ரெண்டு வாரமாச்சு." அவர் குரல் மாறிவிட்டது. "டாக்டரு எப்பங்கறாரு?"

"மே மாசம் பாதிக்கு மேலன்னு..."

"அவரு கெடக்கறாரு! வவுறு எறங்கியிருக்குது பாருங்க. இங்க, இங்க. தலைச்சனுக்கு எறங்குனாச் சித்த நாள் தாங்கும். ரெண்டாவதுக்கு எறங்குனா வலிதான். இத்தன பேரு சுத்தி நின்னீங்களே, ஒருத்தருக்கும் கண்ணு இல்லீங்களா?"

நான் பார்த்தேன். பதினேழு பேர் பல் கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்த படம். வாலில் நீலம் பிரிவதுவரை பார்த்திருந்தோம். அந்தப் பெண் ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

பழனியாத்தாள் அதற்குள் உள்ளே போய்விட்டார். பெட்டி திறக்கும் சத்தம். இரண்டு பழைய நூல் சேலை, ஒரு வசம்பு மாலை, ஒரு டப்பா, எல்லாம் ஒரு பைக்குள் போயின. ராட்டையில் நூல் பாதியில் நின்றது. கதவைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அவரு கை நனைச்சதை நம்பறீங்களாங்கம்மா?"

"அவரு தின்னது பொய்யாவே இருக்கட்டுமுங்க. அவ இப்படி நிக்கறது நெசந்தானுங்களே?"

என்னை விட வேகமாக நடந்தார். வேப்பமரத்தடியில் ரூபன் அவரைப் பார்த்ததும் காரை விட்டு இறங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் கையைக் கட்டி, அவிழ்த்து, கடைசியில், "வாங்க," என்றார்.

பழனியாத்தாள் அவர் முன்னால் நின்று ஏற இறங்கப் பார்த்தார். ஐந்து வருடத்தில் முதல் பார்வை.

"ஏனுங்க மாப்பளே, பொண்டாட்டி வவுறு எறங்கறது தெரியாம வானத்துல என்னத்தைத் தேடறீங்க?"

ரூபனுக்குக் கண் நிறைந்துவிட்டது. பின் கதவைத் திறந்துவிட்டார். சீட்டில் இருந்த என் லென்ஸ் பெட்டியை அந்த அம்மாள் ஓரமாகத் தள்ளிவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பொழுது எறங்குது. வழியில மலை தெரியுது, வானம் தெரியுதுன்னு எங்கியும் நிறுத்தப்படாது," என்றார் என்னிடம். "ஊட்டுக்குப் போனதும் நான்தான் சோறாக்கோணும். அவளுக்குப் போட்டுட்டு அவகூடவே நானும் திங்கறேன். வண்டியை எடுங்க."

எடுத்தேன்.